திருகோணமலையிலிருந்து இசைத் தொழில்நுட்ப முதுகலைக்கு: எதை எப்போது தொடங்குவது

இசைத் தொழில்நுட்பம் என்றவுடன் வீட்டில் நினைப்பது ஸ்டூடியோவும் மிக்சிங்கும்தான். முதுகலை மட்டத்தில் அது ஒரு மூலை. ஒலிச் சைகைகளை (சிக்னல்) கணினியால் பகுப்பது, புதுக் கருவிகள் செய்வது, கட்டடங்களில் ஒலி நடந்துகொள்ளும் விதம், இசையைத் தானாக இனங்காணும் நிரல்கள் எல்லாம் இதற்குள் வரும். எந்த மூலை உங்களுடையது என்று தெரியாமல் விண்ணப்பித்தால் கட்டணம்தான் போகும்.

செப்டெம்பரில் வகுப்பு தொடங்க வேண்டுமென்றால் அதற்கு முந்திய ஆண்டு மார்ச் மாதமே வேலையில் இறங்குங்கள். பதினெட்டு மாதம் நீளமாகத் தெரியும். புலமைப்பரிசிலும் வேண்டுமென்றால் அதுவே இறுக்கம்தான்.

1. எந்தப் பக்கத்தால் வருகிறீர்கள்?

இந்தத் துறைக்கு நம்மிடமிருந்து போவோர் இரண்டு வகை. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ மருதனார்மடம் இராமநாதனிலோ இசை படித்தவர் ஒரு வகை. கோணேசபுரி வளாகத்தில் கணினி படித்தவர், மொறட்டுவையிலோ பேராதனையிலோ பொறியியல் முடித்தவர் மற்ற வகை. முதல் வகைக்குக் கணிதமும் நிரலாக்கமும் இல்லை. இரண்டாம் வகைக்கு இசைப் பயிற்சியைக் காட்டத் தாளில் எதுவும் இல்லை.

தெரிவுக்குழு முதலில் தேடுவது அந்த இல்லாத பாதியைத்தான். இருக்கிற பாதியை அலங்கரிப்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அரங்கேற்றப் புகைப்படம் பத்து இணைத்தாலும் நிரல் எழுதத் தெரியும் என்று அது சொல்லாது.

பட்டத்தின் நீளத்தையும் இப்போதே பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்றாண்டுப் பொதுப்பட்டம் 5ஆம் மட்டம், நான்காண்டுச் சிறப்புப்பட்டம் 6ஆம் மட்டம். அமெரிக்காவும் கனடாவும் பொதுவாக நான்காண்டுப் படிப்பை எதிர்பார்க்கின்றன. மூன்றாண்டுப் பட்டம் மட்டும் இருந்தால் அந்த இரு நாடுகளுக்கும் கட்டணம் கட்டுமுன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.

2. பட்டியலை ஆறுக்குள் நிறுத்துங்கள்

பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அங்கே யார் என்ன ஆராய்கிறார்கள் என்று பாருங்கள்.

பார்சிலோனாவின் பொம்பேயு பாப்ரா பல்கலைக்கழகத்திலுள்ள இசைத் தொழில்நுட்பக் குழு நமக்கு மிக நெருக்கமானது. 2011 முதல் 2017 வரை அங்கு நடந்த கொம்ப்மியூசிக் திட்டம் கர்நாடக, ஹிந்துஸ்தானி இசைகளையும் எடுத்து ஆராய்ந்தது. கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) என்றால் என்ன என்று முதற்பக்கத்திலிருந்து விளக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. ஒலி, இசைக் கணிமை முதுகலையை ஆங்கிலத்தில் கற்பிக்கிறார்கள். லண்டன் குயின் மேரியின் டிஜிட்டல் இசை மையம் இசைத் தகவல் மீட்புக்கு, அதாவது ஒலிப்பதிவிலிருந்து சுரம், தாளம் போன்றவற்றை நிரலால் எடுப்பதற்கு, பெயர்பெற்றது. எடின்பரோவின் ஒலியியல் முதுகலை கணிதம் கனத்தது. இசைப்பட்டம் மட்டும் உள்ளவர் அதை விட்டுவிடலாம். மொன்றியலில் மக்கில், அட்லாண்டாவில் ஜோர்ஜியா டெக், கலிபோர்னியாவில் எல்லோரும் ‘கார்மா’ என்று உச்சரிக்கும் ஸ்டான்போர்ட் மையம் ஆகிய மூன்றும் வட அமெரிக்காவில் பலரும் அறிந்த பெயர்கள்.

ஜெர்மனியில் படிப்புக் கட்டணம் இல்லை என்று கேள்விப்பட்டு பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைப் பட்டியலில் முதலாவதாக எழுதுவோர் உண்டு. அங்கே ஒலித் தொடர்பாடல் முதுகலை ஜெர்மன் மொழியில் நடக்கிறது. பாரிஸில் இர்காம் ஆய்வு மையம் சேர்ந்து நடத்தும் ஆட்டியாம் முதுகலை பிரெஞ்சில். மொழி இல்லாமல் இரண்டுக்கும் போக முடியாது.

இன்னொன்று. இவை சிறிய துறைகள். ஓர் ஆண்டு ஆட்சேர்ப்பு இல்லாமலும் போகலாம். பழைய பக்கத்தைப் பார்த்து மாதக்கணக்கில் தயாராகாமல், இந்த ஆண்டு அனுமதி உண்டா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள்.

3. இல்லாத பாதியை நிரப்புங்கள்

இசைப் பக்கத்தால் வருவோர் பைதன் நிரல்மொழியில் தொடங்குங்கள். பொம்பேயு பாப்ராவும் ஸ்டான்போர்டும் சேர்ந்து கோர்செராவில் வைத்திருக்கும் இசைக்கான ஒலிச் சைகைச் செயலாக்கப் பாடநெறி பத்து வாரம். நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் அதை இருபது வாரமாக எடுங்கள், வெட்கமில்லை. உயர்தரத்தில் கணிதம் எடுக்காதவருக்கு சைன், கொசைன், மடக்கை, சிக்கலெண் நான்கும் முதலில் வேண்டும். அதற்கு வெளிநாட்டுப் பாடநெறி எதுவும் தேவையில்லை. ஊரில் உயர்தரக் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியரிடம் மூன்று மாதம் போனால் போதும்.

கணினிப் பக்கத்தால் வருவோர் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்கோ வேறு தர நிலைப் பரீட்சைக்கோ இருந்த சான்றிதழ் இருந்தால் தேடி எடுங்கள். எதுவும் இல்லையென்றால் வாசித்த ஒலிப்பதிவே உங்கள் சான்று.

4. மாதிரிப் படைப்பு

விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். இரண்டு அல்லது மூன்று வேலைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒலி, நிரல், ஒரு பக்க விளக்கம்.

ஒலிப்பதிவை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக வையுங்கள். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. வீட்டில் மின்சாரத்துக்கு மண்தொடுப்பு (எர்த்) சரியில்லாவிட்டால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வரும். அதோடு அதன் மடங்குகள் 100, 150ம் வரும். இரண்டு கட்டைச் சுருதியில் ஆண்குரல் ஆதார சட்ஜம் 147 ஹேர்ட்ஸ். பக்கத்தில் 150 இருந்தால் சுருதி கண்டுபிடிக்கும் நிரல் பாடகரை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பின்தொடரும். மருந்து எளிது: லப்டொப்பைச் செருகியிலிருந்து கழற்றி பற்றரியில் பதிவுசெய்யுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள். உவர்மலையிலோ உப்புவெளியிலோ வியர்க்கத்தான் செய்யும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பதிய வேண்டாம். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா நாட்களில் நகரத்துக்குள் பதிவு வைக்காதீர்கள். மைக்கை வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டிக்குள் வையுங்கள். கடற்காற்று எதையும் விட்டுவைக்காது.

தம்புரா தனியாக, குரல் தனியாகப் பதியுங்கள். தம்புராவைக் காதில் போட்டுக்கொண்டு பாடினால் போதும். இரண்டும் ஒரே மைக்கில் விழுந்தால் பின்னால் பிரிக்கப் படும் பாடு பெரிது.

இனிப் பகுப்பு. புதியவர் எல்லோரும் விழும் குழி ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். விநாடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள்), சாளரம், அதாவது ஒரு தடவையில் பகுக்கும் துண்டு, 2048 மாதிரி என்று பெரும்பாலான பயிற்சிகள் தொடங்கும். அப்போது அலைவரிசைக் கட்டம் ஒன்றின் அகலம் 21.5 ஹேர்ட்ஸ். ஒன்றரைக் கட்டையில் சட்ஜம் ஏறத்தாழ 139. அதற்கடுத்த அரைச்சுரம் 147. நடுவில் 8 ஹேர்ட்ஸ்தான். சட்ஜத்துக்கும் அந்த அரைச்சுரமான சுத்த ரிஷபத்துக்கும் நிறமாலைப் படத்தில் வேறுபாடே தெரியாது. சரி, சாளரத்தை 8192 ஆக்குவோம் என்றால் கட்டம் 5.4 ஹேர்ட்ஸாகச் சுருங்கும், ஆனால் சாளரத்தின் நீளம் 186 மில்லிசெக்கன் ஆகிவிடும். கமகத்தின் அசைவு அதற்குள் கரைந்து, தோடி ராகத்தின் அசையும் காந்தாரம் ஒரு தட்டையான பட்டையாக வரும்.

அதனால் நிறமாலைப் படத்தில் கண்ணால் சுரம் தேடாதீர்கள். தனிக்குரலுக்கு பி-யின் போன்ற சுருதித் தடம் எடுக்கும் முறை, பக்கவாத்தியத்தோடு கலந்த பதிவுக்கு மெலோடியா. இரண்டாவது எசென்ஷியா என்ற நிரல் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விநாடிக்கு 44,100 மாதிரியில், சாளரம் ஒவ்வொரு தடவையும் தள்ளும் நகர்வை 128 மாதிரியாக வைத்தால் 2.9 மில்லிசெக்கனுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். வந்த அலைவரிசையை ஆதார சட்ஜத்தால் வகுத்து, இரண்டின் அடிமான மடக்கை எடுத்து, 1200ஆல் பெருக்கி சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) ஆக்குங்கள். மேற்கத்திய பன்னிரு சுரப் பெயர்களில் எழுதாதீர்கள். தடம் திடீரென 1200 சென்ட் ஏறி இறங்கினால் அது பாடகர் ஸ்தாயி மாறியதல்ல, நிரல் தவறியது. அந்தத் தவறை மறைக்காமல் படத்தில் காட்டி, ஏன் வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். தெரிவுக்குழுவுக்குப் பிடித்த பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

எதை ஆராய்வது? அங்கே இருப்பவருக்குக் கிடைக்காத ஒலி உங்கள் வாசலில் இருக்கிறது. கோயில் வீதியில் நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளியில் முழங்குவது, கூத்து மத்தளத்தின் சொற்கட்டு, வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு. பதியும்போது கலைஞரிடம் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள், தமிழில் ஒரு பக்கம் போதும். ஒப்புதல் இல்லாத தரவோடு போனால் எந்தப் பல்கலைக்கழகமும் அதைப் பயன்படுத்த விடாது.

மென்பொருளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ஒடாசிற்றி, சொனிக் விசுவலைசர், பியூர் டேற்றா, சூப்பர்கொலைடர் எல்லாம் இலவசம். ரீப்பர் வேண்டுமென்றால் தனிநபர் உரிமம் 60 டொலர்.

5. பத்திரங்கள்

வேண்டியவை: பட்டச் சான்றிதழ், பாடவாரிப் பெறுபேற்றுப் பட்டியல், புள்ளி அளவுத்திட்ட விளக்கம், உயர்தரச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு.

பெறுபேற்றுப் பட்டியலைப் பதிவாளர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கேளுங்கள், ஐந்து பிரதி, முத்திரையிட்ட உறையில். பாடத்தின் பெயர் ‘கோட்பாடு 3’ என்று மட்டும் இருந்தால் வெளியே யாருக்கும் விளங்காது. பாட உள்ளடக்கத்தைப் பாடத்துக்கு நான்கு வரியில் எழுதி, துறைத் தலைவரின் கையொப்பத்தோடு இணைத்துவிடுங்கள். பட்டமளிப்பு நடக்கும்வரை சான்றிதழ் கைக்கு வராது என்பதால் பட்டம் பூர்த்தியானதை உறுதிப்படுத்தும் கடிதத்தை இடைக்காலத்துக்கு வாங்கி வையுங்கள்.

தமிழ்மொழிமூலம் படித்த பட்டத்துக்கு ஆங்கிலமொழிமூலக் கடிதம் கேட்டுப் போகாதீர்கள். கிடைத்தாலும் பெறுபேற்றோடு பொருந்தாத கடிதம் முழு விண்ணப்பத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். ஆங்கிலப் பரீட்சைக்கு இருந்துவிடுவது சுலபம்.

தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பெயர்தான் நம் எல்லோருக்கும் தலையிடி. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் முன்னால், உயர்தரத்தில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் வேறு எழுத்துக்கூட்டல். ‘தி’யை ஓர் இடத்தில் எச் சேர்த்தும் இன்னோர் இடத்தில் சேர்க்காமலும் எழுதியிருந்தால்கூட இணையத்தள விண்ணப்பம் இரண்டு ஆளாக எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதி, வேறுபாட்டுக்கு சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருங்கள்.

கடவுச்சீட்டு இல்லாதவர் வவுனியாப் பிராந்திய அலுவலகத்துக்கு ஹொரவப்பொத்தானைப் பாதையால் போய்வரலாம், பத்தரமுல்லைவரை போக வேண்டியதில்லை. சான்றிதழ்களை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்த வேண்டும் என்று கேட்டால் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. எல்லா நாடும் இதைக் கேட்பதில்லை. கேட்காத இடத்துக்கு இதற்காக அலைய வேண்டாம்.

6. பரிந்துரைக் கடிதம்

இரண்டு அல்லது மூன்று. கடிதம் எழுதுபவர் தனிப்பட்ட ஜிமெயில் முகவரியைத் தந்தால் பல விண்ணப்பத் தளங்கள் ஏற்காது, ஏற்றாலும் சரிபார்க்க இழுக்கும். பல்கலைக்கழக மின்னஞ்சல் இருக்கிறதா, அது திறக்கிறதா என்று விரிவுரையாளரிடம் மெதுவாகக் கேட்டுவிடுங்கள். கடைசித் திகதிக்கு எட்டு வாரம் முன் கேட்டு, உங்கள் படைப்பு விளக்கத்தையும் பெறுபேற்றையும் ஒரே கோப்பாகக் கொடுங்கள். ‘நற்பண்புள்ள மாணவி, கோயில் விழாக்களில் பாடுவார்’ என்ற கடிதம் எந்த வேலைக்கும் உதவாது. நீங்கள் செய்த ஒரு வேலையையாவது பெயர் சொல்லி எழுத வேண்டும்.

7. ஆங்கிலப் பரீட்சை

ஐஈஎல்டிஎஸ் அகடமிக்கில் பொதுவாக 6.5 கேட்பார்கள், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 6.0. பெறுபேறு இரண்டு ஆண்டு செல்லும். பிரித்தானியப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு விசாவுக்கென்று தனியாக நடத்தும், விலை கூடிய யூகேவிஐ வகை கட்டாயமில்லை, பல்கலைக்கழகம் ஏற்றால் சாதாரண அகடமிக்கே போதும். ஜெனரல் ட்ரெய்னிங்கைத் தவறிப் பதிந்துவிடாதீர்கள். ஆகஸ்டில் எழுதினால் புள்ளி குறைந்தாலும் மறுபடி எழுத நேரம் இருக்கும்.

8. நோக்கக் கூற்று

‘சின்ன வயதிலிருந்தே இசை என்றால் உயிர்’ என்று தொடங்கும் கூற்றை வாசிப்பவர் அன்றைக்கு அதே வரியை நாற்பதாவது தடவை வாசிக்கிறார். முதல் வரியிலேயே கேள்வியைச் சொல்லுங்கள்: திறந்தவெளித் தவில் பதிவில் இரு தலைகளின் ஒலியை ஒற்றை மைக்கிலிருந்து பிரிக்க முடியுமா, அதை எப்படிச் செய்து பார்த்தீர்கள், எங்கே தடுக்கியது, அந்தத் தடையைத் தாண்ட அந்தத் துறையில் யாருடைய வேலை உதவும். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி ஆறு இடத்துக்கு அனுப்பியது எப்படியும் தெரிந்துவிடும்.

9. அனுப்பும் மாதம்

வட அமெரிக்காவின் கடைசித் திகதிகள் பெரும்பாலும் டிசம்பர் தொடங்கி ஜனவரி நடுப்பகுதிக்குள். நமக்கு அது வடகீழ்ப் பருவமழை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மின்சாரமும் இணையமும் போன இடங்களில் நாட்கணக்காகத் திரும்பவில்லை. கடைசித் திகதிக்குப் பத்து நாள் முன்னரே அனுப்பிவிடுங்கள். நேரக் கணக்கு: நியூயோர்க்கில் டிசம்பர் முதலாம் திகதி இரவு 11.59 என்றால் நமக்கு இரண்டாம் திகதி காலை 10.29. லண்டன் என்றால் மறுநாள் விடியற்காலை 5.29.

கட்டணம் செலுத்த வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும். வங்கிக்குப் போய்க் கேட்டால்தான் திறப்பார்கள். ஸ்டான்போர்டின் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 125 டொலர். வசதிக் குறைவைக் காட்டிக் கட்டண விலக்குக் கேட்கலாமா என்று துறையிடம் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் விண்ணப்பத்தை ஒதுக்குவதில்லை.

இணையவழி நேர்முகத்துக்கு ரவுட்டரை சிறிய யூபிஎஸ்ஸில் போடுங்கள், கைத்தொலைபேசி டேட்டாவும் தயாராக இருக்கட்டும்.

10. பணம்

புலமைப்பரிசில் திகதிகள் அனுமதித் திகதிகளுக்கு முன்னால் ஓடும். பிரித்தானிய அரசின் செவ்னிங்குக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்து திரும்பி வந்து இரண்டாண்டு நம் நாட்டில் இருக்க வேண்டும். இசை ஆசிரியராகப் பகுதிநேரம் வேலை செய்ததும் கணக்கில் சேரும், கடிதம் வைத்திருந்தால். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்டை கொழும்பிலுள்ள ஆணைக்குழு நடத்துகிறது. பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் இலங்கையருக்கு உண்டு.

சொந்தப் பணம் என்றால் கணக்கு இதுதான். பிரித்தானியா 2025 நவம்பரிலிருந்து வாழ்க்கைச் செலவுக்கு லண்டனில் மாதம் 1,529 பவுண், வெளியே 1,171 பவுண் காட்டச் சொல்கிறது, ஒன்பது மாதத்துக்கு. லண்டனுக்கு 13,761, எடின்பரோவுக்கு 10,539. இதற்கு மேல் கட்டாமலிருக்கும் படிப்புக் கட்டணம். முழுத்தொகையும் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் 28 மறுபடி ஒன்றிலிருந்து. ரூபாய்க் கணக்கில் வைத்திருப்பவர் மாற்று விகிதம் ஏறினால் தாங்கும்படி ஐந்து வீதமாவது கூட வையுங்கள். அந்த 28 நாள் முடிந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கணக்கு உங்களுடையதாக அல்லது பெற்றோருடையதாக இருக்க வேண்டும். ரொறொன்ரோ மாமா எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் பிரித்தானியாவுக்கு அவர் கணக்குச் செல்லாது. அவர் உதவுவதென்றால் நேரத்தோடு உங்கள் கணக்குக்கு அனுப்பி, அன்பளிப்புக் கடிதமும் தரட்டும். பெற்றோர் கணக்கென்றால் உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழும் அவர்களின் சம்மதக் கடிதமும். அமெரிக்காவுக்கு மாமாவின் கணக்கு செல்லும், வருமானச் சான்றோடு.

ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) 11,904 யூரோ. பெர்லினுக்கு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் யூனி-அசிஸ்ட் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ எடுக்கும்.

11. விசா

பிரித்தானியாவுக்கு விசாக் கட்டணம் தவிர சுகாதார மேலதிகக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண். ஓராண்டு முதுகலைக்கு விசா ஓராண்டுக்கு மேல் நீளமாக வரும். அதனால் 776 அல்ல, 1,164 பவுண் கட்ட வேண்டிவரும். இதை மறந்து கடைசி வாரம் கடன் தேடுவோர் அதிகம். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும், அது ஆறு மாதம்தான் செல்லும், மே மாதத்துக்கு முன் எடுக்காதீர்கள். பரிசோதனை கொழும்பில். விசா மையத்தின் கைரேகை நாளையும் அதே வாரத்தில் வாங்கினால் இரவு ரயிலில் ஒரே பயணம் போதும்.

அமெரிக்காவுக்கு வெளிநாட்டு மாணவர் பதிவேடான செவிஸுக்குக் கட்டணம் 350 டொலர், விசா விண்ணப்பம் 185 டொலர். நேர்முகத்தில் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் ‘மியூசிக்’ என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம், ஒலிச் சைகைப் பகுப்பு என்று ஒரு வரி சேருங்கள். மொன்றியலுக்குக் கனடா அனுமதிக்கு முன் கியூபெக் மாகாணத்தின் ஏற்புச் சான்றிதழ் தனியாக எடுக்க வேண்டும். படிப்பு அனுமதிக்கு 150, கைரேகைக்கு 85 கனடிய டொலர்.

வீணை கொண்டுபோவதென்றால் தந்திகளைத் தளர்த்திக் கடினப் பெட்டியில் போடுங்கள். பழைய வீணையில் தந்த வேலைப்பாடு இருந்தால் சுங்கம் நிறுத்தக்கூடும், அந்த வீணையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மிருதங்கத்தின் தோல் விலங்குப் பொருள் என்பதால் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். வார்களையும் சற்றுத் தளர்த்துங்கள், கருவி உலர்ந்த குளிரில் இறங்கும்போது இறுகிய தோல் வெடிக்கும்.